பெட்ரோல் கிடைக்காத காலத்தில் டி.வி.எஸ்

நம்ம காலேஜ் பார்க்கிங்ல ஒரு ரவுண்டு அடிச்சுப் பாருங்க. வாட்ச்மேன் அண்ணா வர்ற எக்ஸ்.எல்.லிலிருந்து மெக்கானிக்கல் பசங்க முறுக்குற அப்பாச்சி வரைக்கும், மூணு வண்டிக்கு ஒரு வண்டியில் டி.வி.எஸ் என்று எழுதியிருக்கும். அந்த மூன்று எழுத்தை விரித்துச் சொல்லுங்கன்னு கேட்டால் பாதிப் பேர் முழிப்பாங்க. டி என்றால் திருக்குறுங்குடி, வி என்றால் வேங்கரம், எஸ் என்றால் சுந்தரம். ஊர் பேர், குடும்பப் பேர், சொந்தப் பேர். பின்னால் ஐயங்கார். அவ்வளவுதான், அது ஒரு மனிதருடைய இனிஷியல்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கு. நமக்கெல்லாம் அந்தப் பேர் ஞாபகம் வர்றது டி.வி.எஸ் 50 வண்டியால. அது ரோட்டுக்கு வந்தது 1980-ல். சுந்தரம் ஐயங்கார் இறந்தது 1955-ல், கொடைக்கானலில். அதாவது தன் பேர் போட்ட ஒரு டூ-வீலரைக்கூட அவர் கண்ணால் பார்க்கவில்லை. அவருக்குத் தெரிந்ததெல்லாம் பஸ், லாரி, கார். இன்னும் சரியாகச் சொன்னால், அவையெல்லாம் நின்னு போகாம இருக்கிறதுக்கு என்ன வேணுமோ அது.

பிறந்தது 1877 மார்ச் 22. ஊர் திருக்குறுங்குடி, திருநெல்வேலிச் சீமையில் மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரம். நம்பி கோயிலுக்குப் பேர் போன ஊர். அங்கே பிறந்த ஒரு பிராமணப் பையனுக்கு அந்தக் காலத்தில் இருந்த ரூட் மேப் ரொம்ப சிம்பிள்: இங்கிலீஷ் படி, சட்டம் படி, கவர்ன்மெண்ட் சம்பளம் வாங்கு. இன்னைக்கு நம்ம வீட்டில் ஐ.டி. என்று சொல்றாங்க, அன்னைக்கு வக்கீல் என்று சொன்னாங்க, வித்தியாசம் பெருசா இல்லை. அவரும் அந்த ரூட்டிலேயே போனார். வக்கீலாக ஆரம்பித்தார். அது ஒட்டவில்லை. ரயில்வேயில் வேலை பார்த்தார். அப்புறம் ஒரு பேங்க். மூன்றுமே ஊர் மெச்சும் வேலை, மூன்றையும் விட்டார்.

1911-ல் டி.வி.சுந்தரம் ஐயங்கார் அண்ட் சன்ஸ் ஆரம்பமாகும்போது அவருக்கு வயசு 34. இதை நான் ரெண்டு தடவை கணக்குப் போட்டுப் பார்த்தேன். பிளேஸ்மெண்ட் சீசனில் 22 வயசுக்குள்ள செட்டில் ஆகலைன்னா வாழ்க்கையே போச்சு என்கிற மாதிரி நம்மைச் சுத்தி ஒரு பேச்சு ஓடுது இல்லையா? அந்தக் கணக்குப்படி இவர் பன்னிரண்டு வருஷம் லேட். அதுவும் குடும்பஸ்தர். ஐந்து மகன்கள், மூன்று மகள்கள் என்று வளர்ந்த குடும்பம். மெஷின் பற்றிப் படித்தவரும் இல்லை.

1912-ல் மதுரையில் பஸ் ஓட ஆரம்பித்தது. அந்தக் காலத்து ரோடு எப்படி இருந்திருக்கும் என்று யோசிக்கணும். தார் கிடையாது. சரளைக்கல்லும் மண்ணும். மாட்டு வண்டிக்காகப் போட்டது. மாட்டுக்கு லாடம் அடிப்பாங்க, குதிரைக்கும் லாடம் அடிப்பாங்க, அந்த லாட ஆணிகள் கழன்று ரோடு முழுக்க விழுந்து கிடக்கும். மாட்டுக்கு அது பிரச்சினை இல்லை. காத்தடிச்ச ரப்பர் டயருக்கு அதுதான் எமன். மதுரைப் பக்கம் இன்னும் சொல்கிற ஒரு கதை உண்டு: காலையில் பஸ் கிளம்புறதுக்கு முன்னாடி காந்தம் கட்டின ஒரு வண்டி அதே ரூட்டில் போய் ஆணிகளைப் பொறுக்கிக்கொண்டே போகுமாம், பின்னால்தான் பஸ் வருமாம். இன்னொரு கதை, டி.வி.எஸ் பஸ் ஊரைக் கடக்கிறதைப் பார்த்துத்தான் ஜனங்க கடிகாரத்தையே சரி பண்ணுவாங்களாம். கதை கொஞ்சம் வளர்ந்திருக்கலாம், எல்லாக் கதையும் வளரும். ஆனால் எந்த முதலாளியைப் பற்றி எந்த மாதிரிக் கதை வளர்கிறது என்பதிலேயே ஒரு தகவல் இருக்கு. வேகத்தைப் பற்றியோ ஆடம்பரத்தைப் பற்றியோ ஒரு கதையும் இல்லை. எல்லாமே பராமரிப்பைப் பற்றியது.

என் பார்வையில் இதுதான் அந்த மனிதர் கண்டுபிடித்த விஷயம். அன்றைக்கு பணம் இருந்த யாரும் ஒரு மோட்டார் வாங்கி ரோட்டில் விடலாம். அது ஆறு மாசத்தில் ஒரு புளியமரத்தடியில் நின்றுவிடும். உதிரி பாகம் கப்பலில் வரணும். ரிப்பேர் பார்க்க ஆள் இல்லை. ஓடுறதை ஓட வைக்கிறதுதான் வியாபாரம் என்று அவர் புரிந்துகொண்டார். அதனால்தான் பஸ் கம்பெனியாக ஆரம்பித்தது பட்டறையாக, உதிரி பாகக் கடையாக, கார் ஏஜென்சியாகக் கிளை விட்டது. சதர்ன் ரோட்வேஸ் என்ற பேரில் பஸ்ஸும் லாரியும். மெட்ராஸ் ஆட்டோ சர்வீஸ் என்று ஒன்று. சுந்தரம் மோட்டார்ஸ் என்று இன்னொன்று. ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி 1928-ல் பம்பாயில் கார், லாரி அசெம்பிள் பண்ண ஆரம்பித்திருந்தது. 1950-களில் சுந்தரம் மோட்டார்ஸ்தான் அவர்களுக்குப் பெரிய விநியோகஸ்தர்.

இந்த வியாபாரம் எல்லாவற்றுக்கும் கீழே ஒரே ஒரு நம்பிக்கை இருந்தது. பங்கில் பெட்ரோல் கிடைக்கும் என்பது. 1941-ல் இந்தியாவில் பெட்ரோலுக்கு ரேஷன் வந்தது. யுத்த காலம். 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பான்காரர்கள் கையில் விழுந்தது. ஏப்ரலில் பிரிட்டிஷ் படை பின்வாங்கும்போது பர்மாவின் யெனாங்யவுங் எண்ணெய்க் கிணறுகளைத் தாங்களே அழித்துவிட்டுப் போனது. நம்ம பக்கத்துக்கு எண்ணெய் பர்மாவிலிருந்துதான் பெருமளவு வந்துகொண்டிருந்தது. அசாமில் டிக்பாய் இருந்தது, அது ராணுவத்துக்கே காணாது. அதே சமயத்தில் மலேயாவும் போய்விட்டதால் ரப்பரும் தட்டுப்பாடு. ஆக, ஒரு பஸ் முதலாளிக்குக் குடிக்க பெட்ரோலும் இல்லை, காலில் போட டயரும் இல்லை.

அப்போது ஐயங்காருக்கு வயசு 65-ஐ நெருங்கியிருந்தது. கம்பெனி ஆரம்பித்து முப்பது வருஷம். வண்டிகளை ஷெட்டில் நிறுத்திவிட்டு யுத்தம் முடியட்டும் என்று உட்கார்ந்திருக்கலாம். ஆனால் பஸ் நின்றால் டிரைவர், கண்டக்டர், கிளீனர், பட்டறை ஆட்கள் எல்லாருடைய அடுப்பும் நிற்கும். சந்தைக்குப் போகிறவர்கள், ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் மறுபடி மாட்டு வண்டிக்குத் திரும்பணும். அவர் அதைச் செய்யவில்லை. டி.வி.எஸ் கேஸ் பிளாண்ட் என்று ஒன்றை வடிவமைத்துத் தயாரிக்க ஆரம்பித்தார். பஸ்ஸின் பின்பக்கம் ஒரு பெரிய இரும்பு டிரம். உள்ளே மரக்கரி. அதிலிருந்து வரும் வாயுவில் என்ஜின் ஓடும்.

நம்ம தாத்தா பாட்டி தலைமுறையில் யாராவது இருந்தால் கரி பஸ் என்று கேட்டுப் பாருங்க, முகம் மாறும். காலையில் கிளீனர் வந்து அடுப்பு பத்த வைப்பார். ஒரு கைப்பிடியைச் சுத்தோ சுத்தென்று சுத்தி காத்து விடுவார். கால் மணி நேரம், சில சமயம் அதுக்கும் மேலே. அப்புறம்தான் வண்டி கிளம்பும். மேட்டில் திணறும், பாசஞ்சர் இறங்கி நடப்பார்கள், சில சமயம் தள்ளுவார்கள்.

தெர்மோ ஒன்று, தெர்மோ இரண்டு ரெண்டையும் கடந்து வந்தவங்களுக்கு இதன் உள்விவகாரம் பிடிக்கும். டிரம்முக்குள் கீழே காற்று போகிற இடத்தில் கரி முழுசாக எரிந்து கார்பன் டை ஆக்சைடு ஆகும். அந்தச் சூடான வாயு மேற்கொண்டு இருக்கிற தணல் வழியாகப் போகும்போது, ஆக்சிஜன் பத்தாததால், இன்னொரு கார்பனைப் பிடித்துக்கொண்டு கார்பன் மோனாக்சைடாக மாறும். கரியில் இருக்கிற ஈரம் ஹைட்ரஜன் ஆகும். இந்த ரெண்டும்தான் எரியும் பொருள். ஆனால் கூடவே காற்றில் இருந்த நைட்ரஜன் அப்படியே வரும், வாயுவில் சுமார் பாதி அதுதான். எந்த வேலையும் செய்யாமல் சிலிண்டரில் இடம் பிடித்து உட்கார்ந்திருக்கும் பாதி. எங்க புராஜெக்ட் டீம் மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம்.

அதனால் என்ன ஆகும்? பெட்ரோலும் காற்றும் சரியான கலவையில் ஒரு கன மீட்டருக்கு ஏறக்குறைய 3.8 மெகா ஜூல் கொடுக்கும். கரி வாயுவும் காற்றும் கலந்தால் 2.5 பக்கம்தான். அதோடு வாயு சூடாக வரும், ஃபில்டர் வழியாக உறிஞ்சுவதால் அழுத்தமும் குறையும். எல்லாம் சேர்ந்து, பெட்ரோலில் கொடுத்த சக்தியில் பாதிக்குக் கொஞ்சம் மேலேதான் அதே என்ஜின் கொடுக்கும். 80 குதிரைத்திறன் என்ஜின் 44 ஆகிவிடும்.

சமவெளியில் இது பரவாயில்லை. இப்போது அந்தப் பஸ்ஸை வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானலுக்கு ஏற்றணும் என்று வையுங்கள். காட்டு ரோடு கீழிருந்து மேலே ஏறக்குறைய 1,800 மீட்டர் உயர்கிறது. டம்டம் பாறையில் நின்று எலிவால் அருவியைப் பார்த்து, ஊத்து, பெருமாள்மலை, வெள்ளி அருவி என்று நாம டூர் போகிற அதே ரோடு. மேலே போகப் போக காற்றின் அடர்த்தி குறையும். 2,100 மீட்டரில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். 44 என்பது 35 ஆகும். 5 டன் பஸ்ஸை 1,800 மீட்டர் தூக்க மட்டும் 88 மெகா ஜூல் வேணும். என்ஜின் திறன் 20 சதவீதம் என்று எடுத்தால், உயரத்துக்கு மட்டும் 14 லிட்டர் பெட்ரோல். கரியில் என்றால் 21 கிலோ பக்கம். ரோட்டு உராய்வு, வளைவுக்கு வளைவு நின்று கிளம்புவது எல்லாம் தனி. வீட்டில் உட்கார்ந்து கால்குலேட்டரில் போட்ட கணக்குதான் இது, ஆனால் மலையடிவாரத்தில் ஒரு கிளீனர் பையன் எத்தனை சாக்கு கரி தூக்கியிருப்பான் என்று ஒரு அந்தாஜ் கிடைக்கிறது. அவன் தூக்கியது கரி மட்டும் இல்லை, ஆபத்தும்தான். கார்பன் மோனாக்சைடுக்கு நிறம் இல்லை, வாசனை இல்லை. மூடின ஷெட்டில் டிரம் கசிந்தால் தலைவலி என்று படுத்தவர் எழுந்திரிக்க மாட்டார்.

சக்தி குறைவது ஒரு பிரச்சினை. என்ஜின் தேய்வது இன்னொன்று. இங்கேதான் எனக்கு இந்தக் கதை பிடித்துப்போனது.

என் ரூம்மேட்டோட சித்தப்பா பெருமாள்மலையில் ஒரு பழைய கார் வைத்திருக்கிறார், லட்சத்து சொச்சம் கிலோமீட்டர் ஓடினது. மார்கழிக் குளிரில் காலையில் ஸ்டார்ட் பண்ணக் கஷ்டம். சிந்தெடிக் ஆயிலுக்கு மாத்தலாமா என்று கேட்டிருந்தார். அதை வைத்து எங்கள் மெஸ்ஸில் ரெண்டு கட்சி பிரிந்து ஒரு வாரம் ஓடியது. பழைய என்ஜினுக்கு சிந்தெடிக் ஊத்தினால் சீல் போய்விடும், ஆயில் ஒழுகும் என்று ஒரு கட்சி. அதெல்லாம் பழைய கதை என்று இன்னொரு கட்சி. ரெண்டு பேர் பேச்சிலும் கொஞ்சம் கொஞ்சம் உண்மை. ஆரம்ப கால சிந்தெடிக் ஆயில்களில் சில வகை ரப்பர் சீலைச் சுருக்கின, சில வகை ஊத வைத்தன, அதைச் சரி பண்ணி ரொம்ப காலம் ஆச்சு. ஆனால் பராமரிக்காத என்ஜினில் வருஷக்கணக்கில் சேர்ந்த கசடுதான் சில சமயம் தேய்ந்த சீலின் ஓட்டையை அடைத்துக்கொண்டிருக்கும். நல்ல ஆயில் ஊத்தினால் அது கசடைக் கழுவும், ஓட்டை தெரியும். ஒழுக்கை ஆயில் உண்டாக்கவில்லை, காட்டிக் கொடுத்தது. சுத்தமாகப் பார்த்துக்கொண்ட என்ஜினாக இருந்து, கையேட்டில் போட்டிருக்கிற கிரேடிலேயே வாங்கினால், குளிரில் சீக்கிரம் மேலே ஏறிப் பேரிங்கை நனைக்கிற சிந்தெடிக் அந்த மலைக்கு நல்லதுதான். எடுத்தவுடன் ரொம்ப மெல்லிசான கிரேடுக்குத் தாவக் கூடாது, முதல் தடவை சீக்கிரமே ஆயிலும் ஃபில்டரும் மாத்தணும், அவ்வளவுதான்.

ஒரு பழைய என்ஜினுக்கு அது பிறந்தபோது இல்லாத ஒன்றைக் கொடுத்தால் தாங்குமா என்கிற இதே கேள்விதான் 1942-ல் இன்னும் பெரிய அளவில் வந்தது. அன்றைக்குப் பிரபலமாக இருந்த செவர்லே ஆறு சிலிண்டர் என்ஜினை எடுத்துக்கொள்ளுங்கள். கனெக்டிங் ராடு பேரிங் எல்லாம் பேபிட் என்கிற மெத்தென்ற உலோகம். ஆயில், ராடின் அடியில் இருக்கிற சின்னக் கரண்டி மாதிரி ஒன்றால் அள்ளித் தெளிக்கப்படும். ஆயில் ஃபில்டர் பொதுவாகக் கிடையாது. அந்தக் காலத்து ஆயிலில் இன்றைக்கு மாதிரி அழுக்கைக் கரைத்து வைத்திருக்கிற டிடர்ஜெண்ட் சமாச்சாரமும் கிடையாது. இதுக்குள்ளே கரித்தூளும் சாம்பலும் கலந்த வாயுவை விட்டால்? சாம்பலில் மணல் மாதிரி சிலிக்கா இருக்கும். அது பிஸ்டன் ரிங்கையும் சிலிண்டர் சுவரையும் உப்புத்தாள் போட்டுத் தேய்க்கும். அங்கிருந்து ஆயிலில் இறங்கி பேரிங்கைத் தின்னும்.

ஆக, கரி வாயு பிளாண்டின் உயிர் டிரம்மில் இல்லை, ஃபில்டரில் இருந்தது. வாயுவைக் குளிர வைத்து, துணி, நார், தண்ணீர் என்று எதன் வழியாகவாவது விட்டுத் தூசியைப் பிடிக்கணும். தினமும் அதைக் கழற்றிக் கழுவணும். சாம்பலை வாரணும். ஆயிலைப் பெட்ரோல் வண்டியை விட அடிக்கடி பார்க்கணும். நல்ல காய்ந்த கரி வாங்கணும், அரைகுறையாக வெந்த கரியில் தார் வந்து வால்வு ஒட்டிக்கொள்ளும். ஒரு கிளீனர் ஒரு நாள் சோம்பேறித்தனம் பண்ணினால் அதற்கான பில் மூணு மாசம் கழித்து வரும். டிரம் வெல்டிங் பண்ண நாட்டில் நிறைய பட்டறைகளுக்குத் தெரியும். தினசரி ஒழுங்கை ஆயிரம் சின்ன வேலையில் கடைப்பிடிக்கிற பழக்கம் எல்லாருக்கும் இல்லை. முப்பது வருஷமாக ஆணி பொறுக்கின கம்பெனிக்கு அது இருந்தது. டயர் தட்டுப்பாட்டுக்கும் இதே மாதிரிதான் பதில்: தேய்ந்த டயரைத் தூக்கிப் போடாமல் அதன் மேல் புது ரப்பர் ஒட்டுகிற ரீட்ரெடிங் தொழிற்சாலை ஒன்றையும் அவர் ஆரம்பித்தார்.

கரி வாயு அவருடைய சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை என்பதையும் சொல்லிவிடணும். ஜார்ஜ் அம்பேர் என்கிற பிரெஞ்சு என்ஜினியர் 1920-களிலேயே மரத்தில் ஓடுகிற கேஸிஃபையர் செய்தார். யுத்தத்தின்போது ஐரோப்பாவில் லட்சக்கணக்கான வண்டிகள் இப்படித்தான் ஓடின. ஐயங்கார் செய்தது, நம்ம ஊர் கரிக்கும் நம்ம ஊர் பட்டறைக்கும் நம்ம ஊர் டிரைவருக்கும் பொருந்துகிற ஒன்றைச் செய்து, அதை ஆதரிக்க ஆள் வைத்தது. என்னைக் கேட்டால் இது கண்டுபிடிப்புக்குக் குறைந்தது இல்லை.

இன்னொரு சுவாரசியம். அதே யுத்தம், அதே எண்ணெய்ப் பஞ்சம், ஜெர்மனியில் வேறு மாதிரி விளைந்தது. ஐ.ஜி. ஃபார்பன் கம்பெனியில் ஹெர்மன் ஜோர்ன் என்கிற வேதியியலாளர் கச்சா எண்ணெய் இல்லாமலே மசகெண்ணெய் செய்ய நூற்றுக்கணக்கான எஸ்டர்களைச் சோதித்தார். ரஷ்யக் குளிரில் சாதாரண ஆயில் உறைந்து வண்டிகள் நின்றது அவர்களுக்குப் பெரிய தலைவலி. இன்றைக்கு டப்பாவில் வருகிற சிந்தெடிக் ஆயிலின் முன்னோர் அந்த எஸ்டர்கள். 1970-களில்தான் அவை சாதாரணக் கார்க்காரர் கைக்கு வந்தன. பெருமாள்மலைக் கார் குடிக்கப்போகிற ஆயிலும், கிளீனர் பையன் சுத்தின கைப்பிடியும் ஒரு வகையில் ஒண்ணுவிட்ட சொந்தம்.

வீட்டுக்குள் நடந்ததைச் சொல்லாமல் இவர் கதை முடியாது. அவருடைய மகள் சௌந்தரம், பிறந்தது 1904. 1918-ல் கல்யாணம், வயசு 14. அந்தக் காலத்து வழக்கம். மாப்பிள்ளை சௌந்தரராஜன் டாக்டர். பிளேக் நோயாளிகளைப் பார்க்கப் போன இடத்தில் அவருக்கே பிளேக் வந்து இறந்துவிட்டார். அன்றைக்கு ஒரு ஆசாரமான ஐயங்கார் வீட்டில் இளம் விதவைக்கு என்ன நடக்கும் என்று நான் விளக்க வேண்டாம். இந்த வீட்டில் அது நடக்கவில்லை. சௌந்தரம் மறுபடி படிக்கப் போனார். டெல்லி லேடி ஹார்டிஞ்ச் மெடிக்கல் காலேஜ். 1936-ல் டாக்டர் ஆனார். அங்கே சுசிலா நய்யார் வழியாகக் காந்தியிடம் போனார். காந்தியின் ஆட்களில் ஒருவரான, கேரளத்தைச் சேர்ந்த ஜி. ராமச்சந்திரனை மணக்க விரும்பினார். மறுமணம், அதுவும் ஜாதி விட்டு ஜாதி. குடும்பம் சட்டென்று சம்மதிக்கவில்லை. ஒரு வருஷம் ஒருவரை ஒருவர் பார்க்காமல் இருங்கள், அப்புறமும் மனசு மாறவில்லை என்றால் பார்க்கலாம் என்பது காந்தி வைத்த நிபந்தனை. மாறவில்லை. 1940 நவம்பர் 7-ல் காந்தியின் ஆசியோடு கல்யாணம் நடந்தது.

ஐயங்காரைப் புகழ்ந்து எழுதுகிறவர்கள் இந்த இடத்தை வேகமாகக் கடந்துவிடுவார்கள். எனக்கு அந்தத் தயக்கமும் முக்கியமாகப் படுகிறது. பெட்ரோல் என்ஜினில் கரி வாயு விடத் துணிந்த மனிதருக்கு, மகளின் ஒரு முடிவை ஏற்பதற்கு நேரம் தேவைப்பட்டது. 14 வயசில் கட்டிக்கொடுத்ததும் அந்த அப்பாதான், அவளை டெல்லிக்குப் படிக்க அனுப்பியதும் அதே அப்பாதான். சௌந்தரமும் ராமச்சந்திரனும் 1947-ல் சின்னாளப்பட்டி பக்கத்தில் காந்திகிராமம் ஆரம்பித்தார்கள். 1952 தேர்தலில் ஆத்தூர் தொகுதியில் ஜெயித்து சட்டமன்றம் போனார் சௌந்தரம். 1962-ல் பத்மபூஷண். ரயிலில் திண்டுக்கல்லிலிருந்து மதுரைக்குப் போனால் காந்திகிராமத்துக்கு இறங்க வேண்டிய அம்பாத்துரை ஸ்டேஷன் வரும், அதற்கு அடுத்தது கொடை ரோடு.

அந்தக் கொடை ரோட்டிலிருந்து ஏறிப் போகிற ஊரில்தான் ஐயங்கார் கடைசி நாட்களைக் கழித்தார். பொறுப்பை மகன்களிடம் கொடுத்துவிட்டார். ராஜம், சந்தானம், சீனிவாசன், துரைசாமி, கிருஷ்ணா என்று ஆளுக்கு ஒரு பக்கம் பார்த்துக்கொண்டார்கள். கொடைக்கானலை வெயிலுக்குத் தப்பி வந்த அமெரிக்க மிஷனரிகள் ஊராக்கியபோது அங்கே போக மனிதர் தோளில் தூக்கும் நாற்காலியும் குதிரைப் பாதையும்தான் இருந்தன. 1910-களில் காட்டு ரோடு முடிந்த பிறகுதான் மோட்டார் ஏறியது. அவர் மதுரையில் பஸ் விட்ட அதே பத்து வருஷங்களில்தான் அந்த மலைக்கும் ரோடு வந்தது. 1955 ஏப்ரல் 28-ல் கொடைக்கானலில் தன் வீட்டில் இறந்தார். 78 வயசு. சீசன் ஆரம்பித்து கீழிருந்து வண்டிகள் வரிசையாக ஏறிக்கொண்டிருக்கும் மாசம்.

அதற்கு முந்தைய வருஷம் ஜெனரல் மோட்டார்ஸ் இந்தியாவில் அசெம்பிள் பண்ணுவதை நிறுத்தியிருந்தது. விற்க வெளிநாட்டுக் கார் இல்லை என்ற நிலை. மகன்கள் பாகங்களைச் செய்கிற பக்கம் போனார்கள். 1960-களின் தொடக்கத்தில் வீல்ஸ் இந்தியா, லூகாஸ் டி.வி.எஸ், பிரேக்ஸ் இந்தியா, சுந்தரம் கிளேட்டன் என்று வரிசையாக வந்தன. சக்கரம், டைனமோ, பிரேக். நம்ம சீனியர்கள் பாதிப் பேர் இன்டர்வியூக்குப் போன கம்பெனிகள். 1972-ல் மாநில அரசு பஸ்களை எடுத்துக்கொண்டது. சதர்ன் ரோட்வேஸ் வண்டிகளும் மதுரை ஷெட்டுகளும் பாண்டியன் ரோட்வேஸ் ஆயின. டிரைவர், மெக்கானிக் பலர் சீருடை மாற்றிக்கொண்டு அதே பஸ்ஸில் மறுநாள் டூட்டிக்கு ஏறினார்கள்.